இரவல் ஆமை

புதிதாக இந்தக் கார்டு விளையாட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வந்த அன்றே பாக்கெட் வாங்காதீர்கள். திரையில் அது தங்க நிறத்தில் மினுங்கும். உள்ளே என்ன கார்டு இருக்கிறதோ என்று கை பரபரக்கும். வாங்காதீர்கள். சும்மா கொடுக்கிற கார்டுகளை வைத்துக்கொண்டு ஒரு மாதமாவது தோற்றுக்கொண்டே இருங்கள். தோற்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறேன். என் ஓரகத்தி எனக்குச் சொன்னது இது. இந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்த அத்தனையும் அவள் சொல்லித் தந்ததுதான். அதனால்தான் இன்று யாராவது "எப்படி ஆரம்பிக்கறது?" என்று கேட்டால், பதில் வருவதற்கு முன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. கருங்குழிப் பெண். படித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு படூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறியவள். நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறோம். என் கணவர் சின்ன லாரிகள் வைத்து ஓட்டுகிறார். நான் மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு கடற்கரை விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களுக்குச் சிரித்து, சாவி கொடுத்து, போகிறவர்களுக்குச் சிரித்து, சாவி வாங்குகிற வேலை. அவள் வருவதற்கு முன்பு அந்தக் குடும்பத்தில் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, "காபி ஆச்சா?" என்பதைத் தவிர. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாருக்கும் என் கோபம் புரியாது.

அவளுக்கு அது தலைப்பொங்கல். வீடு நிறைய ஆட்கள். பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து போனைக் குடைந்துகொண்டிருந்தாள். புதுப் பெண், மாமியார் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயமே இல்லை.

"இன்னா பண்ணிகினு கீற?" என்றேன்.

"சண்ட போட்டுகினு கீறேன். வா, வந்து குந்து." பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். "இதெல்லாம் கார்டுக்கா. ஆனா கம்பெனிக்காரன்து இல்ல, என்னுது."

"போன்ல கீறது எப்டி உன்னுது ஆவும்?"

"வூட்டுக்குப் பத்திரம் கீது இல்ல, அது மாதிரி. பத்திரம் ஒரு ஆபீஸ்ல கீது. அங்க ஒருத்தன் மாத்தி எழுதினா போச்சு. இது ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல எழுதி வெச்சிகீறாங்க. ஒருத்தன் அழிச்சா மத்ததெல்லாம் காட்டிக் குடுத்துடும். பிளாக்செயின்னு பேரு. இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

அப்போது எனக்கு அது பாதி புரிந்தது. சண்டை மட்டும் முழுசாகப் புரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தலைவர், அவருக்குப் பின்னால் வரிசையாகச் சில உருவங்கள். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது மட்டும்தான் நம் கையில். முடிவு செய்து பொத்தானை அழுத்திவிட்டால் பிறகு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களே அடித்துக்கொள்வார்கள், நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு அவள் அப்படிச் சிரித்தாள். என் பேச்சுக்கு அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சிரித்ததில்லை.

அன்றைக்கே என் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். கணக்குத் தொடங்கும்போது பன்னிரண்டு வார்த்தைகள் வரும். அதுதான் பெட்டிச் சாவி. யார் கையில் அந்த வார்த்தைகள் இருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் உள்ளே இருக்கும் கார்டெல்லாம். போட்டோ எடுக்காதே, யாருக்கும் அனுப்பாதே, புருஷனுக்குக்கூடச் சொல்லாதே என்றாள். எழுதும்போது அவளே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "என்னையும் நம்பாதக்கா" என்றாள். அவளுடைய நேர்மையை நினைத்து எனக்கு மனசு குளிர்ந்துபோனது. எங்கே எழுதி வைத்தேன் என்பதை உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

விடுதியில் மத்தியானம் ஆள் வராத நேரம் ஒன்று உண்டு. சாப்பிட்டவர்கள் தூங்கப் போய்விடுவார்கள், புதிதாக வருகிறவர்கள் இன்னும் பாதையில் இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஆடுவேன். கார்டுகள் சிவப்பு, நீலம் என்று நிறம் நிறமாகப் பிரிந்திருக்கும். முதலில் கண்ட நிறத்தையும் எடுத்து ஆடினேன், உதை வாங்கினேன். "அக்கா, ஒரு நிறத்த மட்டும் பிடி. அதையே ஆடு. அது உன் கைக்குப் பழகட்டும், அப்பறம் அடுத்தது" என்றாள். நீலத்தைப் பிடித்தேன். தண்ணீர்ப் பிராணிகள். முன்னால் நிற்பவன் அடி வாங்குவதற்கு, பின்னால் நிற்பவன் அடிப்பதற்கு. நிறைய அடிக்கிறவனை ஆசைப்பட்டு முன்னால் நிறுத்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன்.

ஜெயித்தால் அவளுக்குப் போன் செய்வேன். அவள் அலுவலகத்தில் இருந்தாலும் வெளியே வந்து பேசுவாள். "எவன வெச்ச முன்னால? ரெண்டாவது யாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். தோற்றாலும் போன் செய்வேன். பேருந்தில் வீடு திரும்பும்போது புதுப்பட்டினம் தாண்டுகிற வரைக்கும் அதே பேச்சுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், யாரோ யாரையோ வெட்டப் போகிறார்கள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். என் நாற்பதாவது வயதில் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள் என்பதை வேறெப்படிச் சொல்ல?

ஆட்டத்தில் சில வாரங்களைச் சேர்த்து ஒரு பருவம் என்பார்கள். ஒவ்வொரு பருவம் முடியும்போதும், எவ்வளவு உயரத்தில் முடித்தோமோ அதற்கு ஏற்ற பெட்டி ஒன்று வரும். அப்படி ஒரு பெட்டியில் எனக்கு ஆமை வந்தது. முதுகில் பாறை, பாறையில் பாசி, யாரையும் அடிக்கத் தெரியாது. அடி வாங்கும், பக்கத்தில் நிற்பவனுடைய அடியையும் சேர்த்து வாங்கும். எங்கள் கடற்கரைக்கு முட்டையிட ஆமைகள் வரும் மாதங்களில் விடுதியில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுவோம். காலையில் விருந்தினர்கள் "ஆமை வந்ததா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அதனாலோ என்னவோ, பெட்டியைத் திறந்து அதைப் பார்த்ததும் தெரிந்தவர் ஒருவர் வந்த மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கார்டைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அதே கார்டு இன்னும் வேண்டும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் ஒன்று வளரும், மற்றது எரிந்துபோகும். எரிந்தால் எரிந்ததுதான். கம்பெனிக்காரனே நினைத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நான் பருவம் பருவமாக ஆடிக் கிடைத்த சின்ன ஆமைகளையெல்லாம் முதல் ஆமையோடு சேர்த்துச் சேர்த்து வளர்த்தேன். ஒன்றைக்கூட விலைக்கு வாங்கவில்லை. கடையில் கிடைக்காமல் இல்லை. வாங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் சம்பளம், என் நகை, என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெயர் என எல்லாவற்றிலும் வேறு யாராவது பங்குக்கு இருந்தார்கள். அந்த ஆமை முழுக்க நான் செய்தது.

அவளிடமும் ஓர் ஆமை இருந்தது. என்னுடையதைவிடப் பெரியது. அவள் விலைக்கு வாங்கிச் சேர்த்தது. உச்ச அளவுக்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

போன வருஷம் அவள் இருக்கும் குழுவுக்கு ஒரு போட்டி வந்தது. ஒவ்வொருவரும் இரண்டு அணிகள் இறக்க வேண்டும். இரண்டாவது அணிக்கு முன்னால் நிற்க ஆளில்லை என்று புலம்பினாள். "எங்கிட்ட ஒண்ணு கீதே" என்று நானேதான் சொன்னேன்.

ஒரு கார்டை இன்னொருவருக்குக் கொடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இரவல். வாங்கியவர் ஆடலாம், ஆனால் விற்க முடியாது, எரிக்க முடியாது. நினைத்த நேரத்தில் நாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்றது அவர்கள் பெயருக்கே மாற்றி அனுப்பிவிடுவது. எந்த முட்டாளும் முதல் வழியைத்தான் எடுப்பான். நான் இரண்டாவதை எடுத்தேன்.

ஏன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரிக்க மாட்டார்கள். எங்கள் குடும்பங்களில் கல்யாணம் காட்சி என்றால் நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வது சாதாரணம். என் ஆரம் என் கழுத்தில் இருந்ததைவிட அடுத்தவர் கழுத்தில் இருந்த நாள்தான் அதிகம். அதற்கென்று ஒரு நாகரிகம் இருக்கிறது. கொடுக்கிறவள் மண்டபத்தில் அந்த நகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். வாங்கியவள் காரியம் முடிந்ததும் தானாகக் கொண்டுவந்து தர வேண்டும், வெறும் டப்பாவாகத் தராமல் முழம் பூவாவது சேர்த்துத் தர வேண்டும். திருப்பிக் கேட்கிற வழக்கமே கிடையாது. என் மாமியார் பக்கத்து உறவில் ஒருத்தி, பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வரவேற்பில், "அந்தக் கல்லட்டிகை என்னுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அவள் பெயரை எடுத்தால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த விளையாட்டில் இரவல் கொடுத்தால், கார்டுக்குக் கீழே சொந்தக்காரர் பெயர் எழுதி வரும். ஆட்டத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். "உன் பேரு கீழ தொங்கும்க்கா, குரூப்புல கிண்டல் பண்ணுவானுங்க. பரவால்ல வுடு" என்று அவள் சிரித்தாள். எனக்குத்தான் உறுத்தியது. கழுத்தில் போட்ட நகையில் என் பெயரை எழுதி ஒட்டியா அனுப்புவேன்? அவள் பெயருக்கே மாற்றி அனுப்பினேன். "அய்யோ அக்கா, இன்னாத்துக்கு?" என்றாள். "போட்டி முடிஞ்சதும் குடு" என்றுகூட நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் என்ன மனுஷி?

போட்டியில் அவர்கள் குழு நன்றாகவே ஆடியது. என் ஆமை முன்னால் நின்று அடி வாங்குவதை மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் அறையில் வெந்நீர் வரவில்லை என்று வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. போட்டி முடிந்தது. ஆமை வரவில்லை. நான் கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும், மறந்திருப்பாள், வரும்போது தருவாள் என்று நாட்களை ஓட்டினேன். அது இல்லாமல் என் அணி சரிந்துகொண்டே போனது. போனில் பேசும்போது, "ஏன்க்கா இப்பல்லாம் ரொம்பத் தோக்கற?" என்று அவளே கேட்டாள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் பெண் குழந்தைக்கு எங்கள் ஊர் மலைக்கோயிலில் வேண்டுதல் இருந்தது. காது குத்தி, கீழே ஒரு மண்டபத்தில் சாப்பாடு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கை கழுவுகிற இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கண்ணில் குழந்தைத்தனமான ஒரு சந்தோஷம்.

"இத பாருக்கா" என்று போனை நீட்டினாள்.

ஆமை. சுற்றிலும் தங்க விளிம்பு. உச்ச அளவு. பாறையெல்லாம் பளிங்காக மாறியிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக.

"அட, முடிச்சிட்டியா!" என்றேன். பிறகுதான் கேட்டேன். "என்னுது?"

"அதுவும் இதுலதான்க்கா கீது."

"இதுலன்னா?"

"சேத்துட்டேன். கொஞ்சந்தான் கொறஞ்சிது. அது சும்மா குந்திகினு இருந்துது, அதான்..."

சாம்பாரில் உப்பு சேர்த்ததைச் சொல்வது போலச் சொன்னாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் மூடினேன். "என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா உனக்கு?"

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "நீங்கதானேக்கா அனுப்பனீங்க? நான் கேக்கவே இல்லியே. எரவல்னா எரவல்னு போட்டுருக்கலாம் இல்ல? பாருங்க" என்று போனில் எதையோ தள்ளித் தள்ளிக் காட்டினாள். என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு. இரவல் என்ற அடையாளம் எங்கும் இல்லை. அதற்கு அடுத்த வரியில் எரிந்த விவரம். ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்கள் அவளுக்குச் சாட்சி. அதுவரை என்னை நீ வா போ என்று பேசியவள், திடீரென்று நீங்க என்கிறாள்.

"வேணும்னா வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்க்கா. இதே மாதிரி, இதே லெவலு" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கொன்றது. கார்டை எரித்ததற்குக்கூட ஆசை என்று ஒரு காரணம் சொல்லலாம். இன்னொன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று அவள் நினைக்கிறாள் என்றால், இத்தனை நாளும் பேருந்தில் நான் சொன்ன எதையுமே அவள் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? மண்டபத்தில் கத்த முடியுமா? குழந்தையின் காதுகுத்தில் போன் பொம்மைக்குச் சண்டை போட்ட பெரிய மருமகள் என்று சாகும்வரை சொல்வார்கள். போய்ப் பாயசம் பரிமாறினேன். அவள் இலைக்கும் ஊற்றினேன்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது, "இன்னா, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வர?" என்று என் கணவர் கேட்டார். சொல்லத் தொடங்கினேன். முதலில் கார்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அளவு, பிறகு சேர்ப்பது, பிறகு எரிவது. சங்கு தீர்த்தக் குளம் தாண்டி எங்கள் தெரு வந்துவிட்டது, நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை. "போன்ல ஆடற வெளயாட்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று வண்டியை நிறுத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் ஆடியவர் இல்லை. விளக்கமே சொல்லாமல் என் வலி புரியக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளிடம்தான் சொல்ல முடியாது.

சில நாள் கழித்து அவளே போன் செய்தாள். மத்தியானம், நான் மேசையில் இருந்தேன்.

"கோவமாக்கா?"

"கோவம் இல்ல. நம்பிகினு இருந்தேன். அதான்."

"அக்கா, ப்ளீஸ். அது வெறும் வெளயாட்டுதானேக்கா."

யார் சொன்னாலும் தாங்கியிருப்பேன். என் வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மொட்டை மாடியில் தரையைத் தட்டிக் காட்டி, இது என்னுது என்று எனக்குச் சொன்னவள் சொல்லலாமா? வாசலில் விருந்தினர் யாரோ பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். "ஆமா, வெளயாட்டுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போதும் பண்டிகைக்கு வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாள். பள்ளிக்கூடம், வெயில், மாமியாரின் முழங்கால் என்று பேசுகிறோம். நன்றாகத்தான் பேசுகிறோம். ஒருமுறை மட்டும், தலையைத் தூக்காமல், "இப்ப ஆடறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"விட்டுட்டேன்" என்றேன்.

பொய். தினமும் ஆடுகிறேன். அதே நீலம். பெட்டியில் மறுபடியும் சின்ன ஆமைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. போன வாரம் நான் ஜெயித்த ஓர் ஆட்டம் என் வாழ்நாளிலேயே நான் ஆடிய நல்ல ஆட்டம். முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன், சொல்ல ஆளில்லாமல் மறுபடி உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் என் கணக்கின் பெயரைத் தட்டினால் நான் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் தெரியும், எதையும் மறைக்க முடியாது. என் கணக்கின் பெயரே அவள் வைத்ததுதான். ஒருதரம் தட்டிப் பார்த்திருந்தால் நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா, இல்லை தட்டிப் பார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லையா? அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.